மூலம், பவுத்திரம், நைட்ரிக் ஆக்சைடு

மதுரைக்கு மாட்டுத்தாவணி வழியாக வந்தாலும் சரி, ஆரப்பாளையம் வழியாக வந்தாலும் சரி, மீனாட்சியம்மன் கோபுரத்துக்கு முன்னால் கண்ணில் படுவது ஒரு போஸ்டர்தான். மூலம், பவுத்திரம், ஆண்மைக்குறைவு... கீழே ஒரு செல் நம்பர். பாலத்துச் சுவர், கரண்ட் கம்பம், கட்டணக் கழிப்பறைக் கதவு என்று எங்கும் இதே மூன்று வார்த்தைகள். "ஆபரேஷன் இல்லை, ரத்தம் இல்லை, ஒரே நாளில் குணம்" என்ற உத்தரவாதம் வேறு. காலேஜ் பஸ்ஸில் பையன்கள் இதைச் சத்தமாகப் படித்துச் சிரிப்பார்கள். நம் காமெடி காட்சிகளிலும் மூலம் என்றாலே சிரிப்புதான்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இத்தனை போஸ்டர் ஒட்டுகிறார்கள் என்றால் போஸ்டர் செலவுக்கு மேல் வருமானம் வருகிறது என்றுதானே அர்த்தம்? அந்த வருமானத்தைக் கொடுப்பது யார்? சிரிக்கிற அதே ஜனங்கள்தான். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, வலி தாங்காமல், ஒருநாள் ராத்திரி அந்த நம்பரைக் குறித்துக்கொள்கிறவர்கள்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். அந்த நம்பரைக் குறித்துக்கொள்கிறவர்களில் பலருக்கு வந்திருப்பது மூலமே இல்லை. வந்திருப்பது ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பு ஏன் ஆறவில்லை என்பதற்கு அறிவியல் ஒரு தெளிவான பதிலைக் கண்டுபிடித்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பதில் நம் ஊர்ச் சுவருக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

மூன்றும் ஒன்றல்ல

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மூலம் என்பது ஆசனவாய்க்குள் இருக்கும் ரத்தக்குழாய் மெத்தைகள் வீங்கிப் புடைப்பது. பெரும்பாலும் வலி இருக்காது, ரத்தம் மட்டும் போகும். பவுத்திரம் என்பது சீழ்க்கட்டி உடைந்து, ஆசனவாயின் உட்பக்கத்துக்கும் வெளித்தோலுக்கும் இடையே ஒரு சுரங்கம் மாதிரி வழி ஏற்படுவது. மூன்றாவது ஒன்று உண்டு. டாக்டர்கள் பிஷர் என்பார்கள், தமிழில் ஆசனவாய் வெடிப்பு. இறுகிய மலம் வெளியேறும்போது ஓரத்துத் தோல் கிழிந்துவிடுகிறது. பனிக்காலத்தில் உதடு வெடிக்குமே, அந்த மாதிரி. போகும்போது கத்தியால் கீறுவது போன்ற வலி, அதற்குப் பிறகும் மணிக்கணக்கில் எரிச்சல், துடைத்தால் லேசான ரத்தம்.

நம் ஊரில் இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெயர்தான், "மூலம்". நோயின் பெயரே தப்பாக இருந்தால் வைத்தியம் எப்படிச் சரியாக இருக்கும்?

உதட்டு வெடிப்பு நாலு நாளில் ஆறிவிடுகிறது. இந்த வெடிப்பு மட்டும் சிலருக்கு ஏன் மாதக்கணக்கில் ஆறுவதில்லை? இதைப் புரிந்துகொள்ள நம் குடல் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம், காமர்ஸ் படிப்பவருக்கும் புரிகிற விஷயம்தான்.

பஸ் புகையில் இருக்கும் வாயு

வாயிலிருந்து ஆசனவாய் வரை ஒரே குழாய். அதன் சுவரில் மென்தசை இருக்கிறது. கை கால் தசை மாதிரி இது நம் பேச்சைக் கேட்காது, தானாக வேலை செய்யும். உணவு நகர வேண்டுமானால் பின்னால் இருக்கும் தசை சுருங்க வேண்டும், முன்னால் இருக்கும் தசை தளர வேண்டும். பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் 1899லேயே இதை எழுதிவிட்டார்கள். சுருங்கச் சொல்லும் நரம்புகள் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை விடுகின்றன என்பதும் பிறகு தெரிந்துவிட்டது. ஆனால் தளரச் சொல்வது எது? அது மட்டும் பல பத்தாண்டுகள் பிடிபடவில்லை.

கடைசியில் கிடைத்த பதில் யாரும் எதிர்பார்க்காதது. நைட்ரிக் ஆக்சைடு! ஒரு நைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான். பெரியார் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் விடுகிற புகையில் இருக்கிறதே, அதே வாயு. (பல் டாக்டர் கொடுக்கும் சிரிப்பு வாயு வேறு, அது நைட்ரஸ் ஆக்சைடு.) ரத்தக்குழாயின் உள்சுவர் ஏதோ ஒரு பொருளை வெளியிட்டுத் தசையைத் தளர்த்துகிறது என்று 1980ல் ராபர்ட் ஃபர்ச்காட் கண்டுபிடித்தார். அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடுதான் என்பது 1987க்குள் உறுதியானது. குடலிலும் நரம்புகள் இதே வாயுவை விட்டுத்தான் தசையைத் தளர்த்துகின்றன என்று 1990ல் நேச்சர் இதழில் ஆய்வு வந்தது. 1998ல் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு.

வேலை நடக்கும் விதம் இதுதான். குடல் சுவரில் உள்ள நரம்பு முனையில் ஒரு நொதி இருக்கிறது. அது நாம் சாப்பிடும் புரதத்தில் கிடைக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தையும் ஆக்சிஜனையும் வைத்து நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது. மற்ற நரம்பு ரசாயனங்களை மாதிரி இதைப் பையில் கட்டி ஸ்டாக் வைக்க முடியாது. வாயு ஆயிற்றே, தங்காது! தேவைப்படும்போது தேவையான அளவு, அப்போதே தயாரிப்பு. அது செல்லின் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்துத் தசைச் செல்லுக்குள் போய், அங்கே உள்ள ஒரு நொதியைத் தட்டி எழுப்புகிறது. அந்த நொதி சைக்ளிக் ஜிஎம்பி என்ற தூது மூலக்கூறை உண்டாக்குகிறது. அதனால் தசைச் செல்லுக்குள் கால்சியம் குறைகிறது. கால்சியம் குறைந்தால் தசை பிடியை விடுகிறது. சில வினாடிகளில் வாயு அழிந்துவிடுகிறது, தசை மறுபடி பழைய நிலைக்குத் திரும்புகிறது.

இந்தச் சின்ன வாயு இல்லாவிட்டால் என்ன ஆகும்? உணவுக்குழாயின் அடியில் ஒரு சுருக்குத்தசை உண்டு. அதைத் தளர்த்தும் நரம்புகள் செத்துப்போனால் கதவு திறக்காது, விழுங்கிய சோறும் தண்ணீரும் நெஞ்சிலேயே நின்றுவிடும். அக்கலேசியா என்று இதற்குப் பெயர். ராத்திரி கறிதோசையும் பரோட்டாவும் உள்ளே போகப் போக வயிற்றின் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுக்கிறதே, அதிலும் இந்த வாயுவுக்குப் பங்கு உண்டு. பிறந்த சில வாரங்களில் சில குழந்தைகள் குடித்த பாலையெல்லாம் பீய்ச்சி அடிப்பது போல் வாந்தி எடுக்கும். இரைப்பையின் வெளிவாசல் தசை தடித்து அடைத்துக்கொள்வதுதான் காரணம். அந்தத் தசைக்குப் போகும் நரம்பில் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதி இல்லை என்று 1992ல் கண்டார்கள். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு முடிச்சுகளே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு அந்தப் பகுதி தளராமல் மலம் அடைத்துக்கொள்ளும். ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்பார்கள், ஆபரேஷன்தான் வழி.

ஆறாத வெடிப்பின் ரகசியம்

இப்போது நம் போஸ்டர் விஷயத்துக்கு வருவோம். ஆசனவாயில் இரண்டு சுருக்குத்தசை வளையங்கள். வெளி வளையம் நம் கட்டுப்பாட்டில். உள் வளையம் மென்தசை, அது தன் இஷ்டத்துக்கு எப்போதும் இறுகியே இருக்கும். மலக்குடலுக்கு மலம் வந்ததும் நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடு விடும், உள் வளையம் தானாகத் தளரும். இடம் பொருள் பார்த்து வெளி வளையத்தைத் திறப்பது நம் வேலை.

வெடிப்பு வந்தவருக்கு என்ன ஆகிறது என்றால், உள் வளையம் இயல்பைவிட அதிகமாக இறுகிக் கிடக்கிறது. வெடிப்பு விழும் பின்பக்க நடு இடத்துக்கு ஏற்கனவே ரத்த ஓட்டம் குறைவு. தசை இறுகினால் அந்தக் கொஞ்ச ரத்தமும் போகாது. ரத்தம் போகாத புண் ஆறாது. புண் இருந்தால் வலி. வலித்தால் தசை இன்னும் இறுகும். வலிக்குப் பயந்து போகாமல் அடக்கினால், பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி மலம் கல்லாகும். கல் மறுபடி கிழிக்கும். கந்துவட்டி மாதிரிதான், வட்டி குட்டி போட்டுக்கொண்டே போகும்.

சங்கிலி புரிந்துவிட்டால் எங்கே வெட்ட வேண்டும் என்பதும் புரிந்துவிடும். ஒன்று, மலத்தை இளக்க வேண்டும். தண்ணீர், நார்ச்சத்து, தேவைப்பட்டால் இசப்கோல், வெந்நீர்த் தொட்டியில் உட்காருவது. புதிய வெடிப்பு பெரும்பாலும் இதிலேயே ஆறிவிடும். இரண்டு, நாள்பட்டதாக இருந்தால் தசையைத் தளர்த்த வேண்டும். அதற்குத்தான் 1990களில் டாக்டர்கள் ஒரு பழைய சரக்கைக் கையில் எடுத்தார்கள். நைட்ரோகிளிசரின்!

ஆமாம், ஆல்ஃபிரட் நோபல் டைனமைட் செய்தாரே, அதே சரக்கு. 1879லேயே லண்டன் டாக்டர் வில்லியம் மர்ரல் நெஞ்சுவலிக்கு இதைக் கொடுத்து எழுதினார். கடைசிக் காலத்தில் நோபலுக்கே இதய நோய்க்கு இதைத்தான் டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள், அவர் அதை விதியின் விளையாட்டு என்று நொந்துகொண்டார். அது உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடாக மாறித்தான் வேலை செய்கிறது என்பது நூறு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதே மருந்தை மிகக் குறைந்த அளவில் களிம்பாக்கி ஆசனவாயில் தடவினால்? நரம்பு கொடுக்கத் தவறிய வாயுவைக் களிம்பு கொடுக்கிறது. தசை தளர்கிறது, ரத்தம் போகிறது, புண் ஆறுகிறது. கத்தியே இல்லாமல்!

1997ல் லான்செட் இதழில் லண்ட், ஸ்கோல்ஃபீல்ட் என்ற இங்கிலாந்து டாக்டர்கள் வெளியிட்ட ஆய்வில் எட்டு வாரத்தில் களிம்பு தடவியவர்களில் 68 சதவீதம் பேருக்கு ஆறியது, வெறும் களிம்பு தடவியவர்களில் 8 சதவீதம் பேருக்குத்தான்.

இத்தோடு நிறுத்தினால் இந்தக் கட்டுரையும் ஒரு போஸ்டர் ஆகிவிடும். பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் குழுவின் 2012 அறிக்கை வித்தியாசத்தை வெகுவாகக் குறைத்துவிட்டது. மருந்துக்கு 49 சதவீதம், வெறும் களிம்புக்கு 36 சதவீதம், அவ்வளவுதான். தலைவலி வரும், பலருக்கு வெடிப்பு திரும்பியும் வரும். அதனால் டில்டியாசெம் என்ற இன்னொரு களிம்பை இப்போது பல டாக்டர்கள் விரும்புகிறார்கள். அது கால்சியம் உள்ளே நுழைவதையே தடுத்துத் தசையைத் தளர்த்தும், தலைவலி குறைவு. இரண்டுக்கும் கேட்காவிட்டால் உள் வளையத்தில் ஒரு சின்ன வெட்டு. குணமாகும் விகிதத்தில் அதுதான் முதலிடம், ஆனால் சிலருக்கு வாயுவையோ மலத்தையோ அடக்கும் சக்தி கொஞ்சம் குறையலாம். "நூறு சதவீத உத்தரவாதம்" என்று ஒரு டாக்டர் சொல்லாததற்குக் காரணம் அவருக்குத் திறமை இல்லை என்பதல்ல, அவர் கணக்கைப் படித்திருக்கிறார் என்பதுதான்.

வெட்கம்தான் முதலீடு

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குச் சரக்கின் தரம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால் மட்டமான சரக்கு நல்ல சரக்கைச் சந்தையைவிட்டே விரட்டிவிடும் என்று காட்டினார். 2001ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. போஸ்டர் வைத்தியத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பழைய கார் வாங்குபவராவது மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவார், மச்சானிடம் கேட்பார், டீக்கடையில் விசாரிப்பார். மூலத்துக்கு யாரிடம் விசாரிப்பது? ஏமாந்தால்கூட யாரிடம் சொல்வது? புகார் வராத வாடிக்கையாளர், கேள்வி கேட்காத வாடிக்கையாளர், கடையைவிட்டு வெளியே வந்ததும் வாயே திறக்காத வாடிக்கையாளர். இப்படி ஒரு சந்தை எந்த வியாபாரிக்குக் கிடைக்கும்? இந்தத் தொழிலின் முதலீடு மருந்து அல்ல, நம் வெட்கம்.

நஷ்டம் பணத்தோடு போனால் பரவாயில்லை. படிக்காதவர்கள் போடும் எரிக்கும் ஊசியாலும் மருந்தாலும் அந்த இடத்துச் சதை வெந்து, ஆசனவாய் சுருங்கி அடைத்துக்கொள்வதும் உண்டு, தசை பாழாகி மலத்தை அடக்கவே முடியாமல் போவதும் உண்டு.

இன்னொரு ஆபத்து அதே போஸ்டரின் மூன்றாவது வார்த்தையில் இருக்கிறது. ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில் மாத்திரையும் இதே நைட்ரிக் ஆக்சைடு பாதையில்தான் வேலை செய்கிறது, சைக்ளிக் ஜிஎம்பி அழியாமல் பார்த்துக்கொள்கிறது. அதையும் நைட்ரோகிளிசரினையும் ஒருவர் ஒரே சமயத்தில் எடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. மூலிகை என்று விற்கப்படும் வீரியப் பொடிகளில் சொல்லாமல் சில்டெனாஃபில் கலந்திருப்பது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. எந்தப் பொடி சாப்பிடுகிறோம் என்பதை டாக்டரிடம் மறைத்தால், வெட்கம் மானத்தைக் காப்பாற்றலாம், ஆளைக் காப்பாற்றாது.

தண்ணீர் குடிக்காத பெண்கள்

இது வெறும் வைத்தியப் பிரச்சினை என்று நினைத்தால் அதுவும் தப்பு. விளக்குத்தூண் பக்கம், மாசி வீதிகளில் ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து ராத்திரி வரை நின்றபடி வேலை. பாத்ரூம் போக வேண்டும் என்றால் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். பல இடங்களில் பெண்கள் கண்டுபிடித்திருக்கும் வழி ரொம்பச் சுலபமானது, தண்ணீர் குடிப்பதில்லை! மதுரை வெயிலில், சித்திரை மாதத்தில், தண்ணீர் குடிப்பதில்லை. பஸ் டிரைவர், கண்டக்டர், ஆட்டோக்காரர், பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் போகப் பயந்து வீடு வரும் வரை அடக்கும் பிள்ளைகள், எல்லோருக்கும் இதே கதைதான்.

உள் வளையம் தன் கடமையைச் செய்து தளர்கிறது. திறக்க இடம் இல்லாததால் நாம் வெளி வளையத்தை இறுக்குகிறோம். உணர்ச்சி அடங்குகிறது, மலம் இறுகுகிறது, மறுநாள் கிழிகிறது. உடம்பு சரியாகத்தான் வேலை செய்கிறது, ஊர்தான் சரியாக இல்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021ல் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது, நல்ல விஷயம். உட்கார உரிமை வந்தது போல, கேள்வி கேட்காமல் எழுந்து போய்வரும் உரிமையும் வர வேண்டும். நைட்ரோகிளிசரின் களிம்பைவிட அது பெரிய மருந்து.

சிலர் கேட்கலாம்

"அப்படியானால் சித்த, ஆயுர்வேத வைத்தியம் எல்லாம் பொய்யா?" இல்லை. பவுத்திரத்துக்கு ஆயுர்வேதத்தில் க்ஷாரசூத்திரம் என்று மருந்து பூசிய நூல் கட்டும் முறை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அதை முறையாகச் சோதித்து, பலன் உண்டு என்று 1991ல் வெளியிட்டது. பிரச்சினை எந்த வைத்தியம் என்பதில் இல்லை. படித்தவரா, பதிவு செய்தவரா, பெயரையும் முகவரியையும் போட்டு உட்கார்ந்திருக்கிறாரா என்பதில்தான் இருக்கிறது. செல் நம்பர் மட்டும் உள்ள போஸ்டருக்குச் சித்தமும் கிடையாது, ஆயுர்வேதமும் கிடையாது.

"கீரை சாப்பிட்டால் நைட்ரிக் ஆக்சைடு கூடி எல்லாம் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?" கீரை தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் இங்கே உதவுவது அதன் நார்ச்சத்துதான். அகத்திக்கீரையும் வாழைத்தண்டும் மலத்தை இளக்கும், ஆறாத வெடிப்பை அது மட்டும் ஆற்றிவிடாது.

"சின்ன விஷயத்துக்கு எதற்கு இவ்வளவு?" சின்ன விஷயம்தான், அது வெடிப்பாக இருக்கும் வரை. நாற்பதைத் தாண்டியவருக்கு ரத்தம் போவது, எடை குறைவது, மலம் போகும் வழக்கம் திடீரென மாறுவது, இவை புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதையும் "மூலம்" என்ற ஒரே பெயரில் போட்டு மூடி, மாதக்கணக்கில் போஸ்டர் மருந்து சாப்பிட்டால் இழப்பது காலத்தை. திரும்பி வராத சரக்கு அது ஒன்றுதான்.

செய்ய வேண்டியது

மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. அறுவைச் சிகிச்சைப் பிரிவில் புறநோயாளிச் சீட்டு வாங்கினால் பார்ப்பார்கள், காசு கிடையாது. அங்கே போய் நிற்க வேண்டியவரைத் தடுப்பது தூரமும் இல்லை, செலவும் இல்லை. "எங்கே வலிக்குது?" என்ற கேள்விக்குப் பத்துப் பேர் முன்னால் பதில் சொல்ல வேண்டுமே என்ற கூச்சம்தான். அந்தக் கூச்சத்தை மதித்து, தனியாகக் கேட்க ஒரு திரை கட்டினால் ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் நஷ்டம் இல்லை.

பிளஸ் டூ உயிரியலில் சுருக்குத்தசை என்று படித்துப் பரீட்சை எழுதுகிறவர்கள், அது தன் உடம்பில் எங்கே இருக்கிறது என்று வீட்டில் பேசுவதில்லை. சர்க்கரை வியாதி என்று சத்தமாகச் சொல்ல நாம் பழகிக்கொண்டோம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைப்பதையும் எல்லோர் எதிரிலும் செய்கிறோம். அந்த நெஞ்சுவலி மாத்திரையும் இந்தக் களிம்பும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, இறுகிய தசையைத் தளர்த்துகின்றன. இதயத்துக்கு ஒரு மரியாதை, இதற்கு ஒரு சிரிப்பு என்றால் எப்படி?

அடுத்த முறை பஸ்ஸில் யாராவது அந்தப் போஸ்டரைச் சத்தமாகப் படித்துச் சிரித்தால், நாலு சீட் தள்ளி ஒருவர் நிமிர்ந்தும் உட்கார முடியாமல், ஒருக்களித்தும் உட்கார முடியாமல் வந்துகொண்டிருக்கலாம். அவர் காதில் விழ வேண்டியது சிரிப்பு அல்ல. "இதுக்குக் களிம்பு இருக்குண்ணே, பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க" என்ற ஒரு வார்த்தைதான்.